117 வயது வரை வாழ்ந்த எம்மா மொரானோ: தினமும் 3 முட்டை மட்டும்தான் காரணமா?

நீண்ட ஆயுள் பற்றிய ரீல்ஸ், ஷார்ட்ஸ் எதையாவது பார்த்திருந்தால் இந்தப் பாட்டியின் முகம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். வெள்ளை முடி, தோளில் ஒரு சால்வை, முன்னால் ஒரு கேக். கீழே ஒரு வரி: தினமும் 3 முட்டை, 117 வயசு.

அவர் பெயர் எம்மா மொரானோ. இத்தாலியைச் சேர்ந்தவர். 2017-ல் இறந்தபோது உலகிலேயே அதிக வயதானவர் அவர்தான். ஆவணங்களால் உறுதி செய்யப்பட்டவர்களில், 1900-ம் ஆண்டுக்கு முன் பிறந்து அதுவரை உயிரோடு இருந்த கடைசி மனிதரும் அவர்தான்.

முட்டை விஷயம் உண்மை. ஆனால் தன் ஆயுளுக்குக் காரணம் என்று அவர் இரண்டு விஷயங்களைச் சொல்வார். ஒன்று முட்டை. இன்னொன்று, 1938-ல் கணவரைப் பிரிந்து, அதன் பிறகு யாருக்கும் அடங்கி நடக்காமல் தனியாக வாழ்ந்தது. முதல் காரணம் உலகம் முழுக்க வைரல் ஆனது. இரண்டாவது காரணத்தைப் பலரும் ஸ்கிப் செய்துவிட்டார்கள். அவர் வாழ்க்கையின் பெரிய கதையே அதில்தான் இருக்கிறது.

யார் இந்த எம்மா?

1899 நவம்பர் 29-ம் தேதி, வடக்கு இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் உள்ள சிவியாஸ்கோ என்ற சின்ன மலைக்கிராமத்தில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள்.

அது எவ்வளவு பழைய காலம்? கார் கம்பெனியான ஃபியட் அதே பீட்மாண்டின் டூரின் நகரத்தில் தொடங்கப்பட்டு நாலைந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஏசி மிலன் கால்பந்து கிளப் இன்னும் பிறக்கவில்லை, அது அடுத்த மாதம்தான் வந்தது. ரைட் சகோதரர்களின் விமானம் பறக்க இன்னும் நான்கு வருஷம் இருந்தது. இத்தாலியில் மன்னராட்சி. அரியணையில் இருந்தவர் முதலாம் உம்பெர்தோ. எம்மாவுக்கு எட்டு மாதம் ஆனபோது அந்த மன்னர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் மலைப்பகுதியில் இருந்த வில்லாதோசோலா என்ற தொழில் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஊரின் சீதோஷ்ணம் எம்மாவின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மிதமான காலநிலை உள்ள இடத்துக்குப் போகச் சொன்னார் மருத்துவர். அப்படித்தான் குடும்பம் மஜ்ஜோரே ஏரிக்கரையில் உள்ள பல்லான்ஸாவுக்கு வந்தது. 1939-ல் பல்லான்ஸாவும் பக்கத்து ஊரான இன்ட்ராவும் சேர்ந்து வெர்பானியா என்ற நகரம் ஆயின. எம்மா சாகும்வரை இருந்தது அங்கேதான்.

அதாவது, பின்னாளில் உலகத்தின் மூத்த மனிதராகப் போகிறவர், சின்ன வயதில் உடம்புக்கு முடியாத பெண்ணாகத்தான் இருந்தார்.

முட்டை எப்படி வந்தது?

முதல் உலகப் போர் முடிந்த நேரம். எம்மாவுக்கு சுமார் 20 வயது. ரத்தசோகை இருப்பதாக மருத்துவர் கண்டுபிடித்தார். தினமும் 3 முட்டை சாப்பிடு, அதில் இரண்டைப் பச்சையாகச் சாப்பிடு என்றார்.

இன்றைக்கு என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை. இரும்புச்சத்து குறைவா, பி12 குறைவா, வேறு நோயா என்று பார்த்து, அதற்கு ஏற்ற மருந்து தருவார்கள். அந்தக் காலத்தில் அவ்வளவு வசதி கிடையாது. ஒரு வகைக் கடுமையான ரத்தசோகைக்கு ஈரலைச் சாப்பிட வைப்பது பலன் தருகிறது என்பதே 1926-ல்தான் மருத்துவ உலகத்துக்குத் தெரிய வந்தது. அதனால் சத்தான, சுலபமாகக் கிடைக்கிற உணவைச் சொல்லி அனுப்புவதுதான் அன்றைய வழக்கம்.

எம்மா அதைச் சொன்னபடி கேட்டார். சில மாதம் இல்லை, சுமார் 90 வருஷம்! ஒரு நாளைக்கு 3 என்றால் வருஷத்துக்கு 1,095. தொண்ணூறு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் முட்டை. ரொம்ப வயதான பிறகு அது தினமும் 2 முட்டை, கொஞ்சம் பிஸ்கட் என்று குறைந்தது. காய்கறி, பழம் எல்லாம் அவர் அதிகம் சாப்பிட்டதில்லை. டயட் நிபுணர் யாரும் ரெக்கமண்ட் செய்கிற மெனு இல்லை இது.

மிரட்டி நடந்த கல்யாணம்

இளவயதில் எம்மாவுக்குப் பாட்டும் நடனமும் ரொம்பப் பிடிக்கும். அவர் விரும்பிய ஓர் இளைஞர் இருந்தார். முதல் உலகப் போருக்குப் போன அந்த இளைஞர் அவரிடம் திரும்பி வரவே இல்லை. இத்தாலி அந்தப் போரில் ஆறு லட்சம் வீரர்களை இழந்த நாடு. எம்மாவின் தலைமுறைப் பெண்களில் எத்தனையோ பேருக்கு இதே கதைதான்.

1926 அக்டோபரில், 26 வயதில், வேறொருவரோடு எம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது. விருப்பப்பட்டுச் செய்துகொண்டது இல்லை. தன்னைக் கட்டிக்கொள்ளாவிட்டால் கொன்றுவிடுவேன் என்று அந்த ஆள் மிரட்டியதாகவும், அதனால்தான் சம்மதித்ததாகவும் நூறு வயதைத் தாண்டிய பிறகு கொடுத்த பேட்டியில் எம்மா சொன்னார்.

மிரட்டலில் தொடங்கிய வாழ்க்கை அடியிலும் உதையிலும் தொடர்ந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, 1937-ல் ஒரு மகன் பிறந்தான். ஆறு மாதத்தில் அந்தக் குழந்தை இறந்துபோனது. எம்மாவுக்கு அது ஒரே குழந்தை.

அடுத்த வருஷம், 1938-ல், எம்மா தன் கணவரை வீட்டை விட்டு வெளியேற்றினார். அப்போது அவருக்கு 38 வயது.

1938-ல் இது ஏன் பெரிய விஷயம்?

இன்றைக்கே இந்த முடிவை எடுப்பது சுலபம் இல்லை. அன்றைய இத்தாலியில் அது எப்படி இருந்திருக்கும்?

நாட்டை ஆண்டது முசோலினியின் பாசிச அரசு. பெண் என்றால் வீட்டில் இருக்க வேண்டும், நிறையப் பிள்ளை பெற வேண்டும் என்பது அரசின் கொள்கை. கல்யாணம் ஆகாத ஆண்களுக்குத் தனி வரியே போட்டார்கள். அதிகப் பிள்ளைகள் பெற்ற குடும்பங்களுக்குச் சலுகையும் பரிசும் கொடுத்தார்கள். எம்மா பிரிந்த அதே 1938-ல், அலுவலகங்களில் பெண் ஊழியர்கள் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஆணை வந்தது.

சட்டம் என்ன சொன்னது? இத்தாலியில் அப்போது விவாகரத்து என்பதே இல்லை. சேர்ந்து வாழாமல் இருக்கலாம், ஆனால் கல்யாண பந்தம் சாகும்வரை நீடிக்கும். மனைவி இன்னொருவரோடு உறவு வைத்தால் கிரிமினல் குற்றம், ஜெயில். கணவருக்கு அதே அளவுகோல் இல்லை. குடும்பத்தின் தலைவர் சட்டப்படி கணவர்தான். குடும்ப மானத்துக்காகக் கோபத்தில் மனைவியையோ மகளையோ சகோதரியையோ கொன்றால் தண்டனைக் குறைப்பு உண்டு என்று குற்றவியல் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் செல்வாக்கு நிறைந்த சமூகம் வேறு. பிரிந்து வாழும் பெண்ணை ஊர் எப்படிப் பேசும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஒரு நாட்டில், ஒரு மில் தொழிலாளி, குழந்தையைப் பறிகொடுத்த மறுவருஷமே, இனி இந்த வாழ்க்கை வேண்டாம் என்று முடிவெடுத்தார். சட்டம் அவர் பக்கம் நிற்கவில்லை. அவரிடம் இருந்தது தான் சம்பாதித்த கூலி மட்டும்தான்.

சணல் மில், அப்புறம் சமையலறை

பல்லான்ஸாவில் இருந்த மையோனி சணல் ஆலையில் எம்மாவுக்கு வேலை. அந்தக் காலத்தில் உலகச் சணலில் பெரும்பகுதி வங்காளத்தில் விளைந்தது. அது கப்பலேறி ஐரோப்பிய ஆலைகளுக்குப் போய், நூலாகி, சாக்காகும். தூசியும் இரைச்சலும் நிறைந்த வேலை. ஐரோப்பா முழுக்க இந்த ஆலைகளில் பெண்கள்தான் அதிகம்.

1954 வரை அந்த ஆலையில் உழைத்தார். அதாவது 54 வயது வரை. அதற்கப்புறம் ஓய்வு எடுத்தாரா? இல்லை. கிறிஸ்தவத் துறவிகள் நடத்திய ஓர் உறைவிடப் பள்ளியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். 75 வயது வரை அங்கே இருந்தார்.

இடையில் இரண்டாம் உலகப் போர், பாசிச ஆட்சியின் வீழ்ச்சி, ஜெர்மன் ஆக்கிரமிப்பு, மன்னராட்சியின் முடிவு என்று நாடு தலைகீழாக மாறியது. எம்மா தன் வீட்டு வாடகையைத் தன் சம்பளத்தில் கட்டிக்கொண்டு, தனியாக வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. சட்டப்படி முடியாத காலத்தில் மட்டும் இல்லை, முடியும் என்று ஆன பிறகும் அவருக்கு அந்த எண்ணம் வரவில்லை.

சட்டம் எப்போது வந்தது?

இத்தாலியில் பெண்களின் உரிமைகள் ஒவ்வொன்றாக வந்தபோது எம்மாவுக்கு என்ன வயசு என்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும்.

- 1919: சொத்து விவகாரங்களில் கணவரின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் நீக்கம். எம்மாவுக்கு 19.
- 1946: பெண்களுக்கு ஓட்டுரிமை. ஜூன் 2-ம் தேதி, மன்னராட்சியா குடியரசா என்று முடிவு செய்த வாக்கெடுப்பில் நாடு முழுக்கப் பெண்களும் ஓட்டுப் போட்டார்கள். எம்மாவுக்கு 46.
- 1970: விவாகரத்துச் சட்டம். எம்மாவுக்கு 71.
- 1974: அந்தச் சட்டத்தை ரத்து செய்யலாமா என்று பொது வாக்கெடுப்பு. 59 சதவீதம் பேர் வேண்டாம், சட்டம் இருக்கட்டும் என்றார்கள். எம்மாவுக்கு 74.
- 1975: குடும்பத்தில் கணவனும் மனைவியும் சமம் என்ற சட்டத் திருத்தம். எம்மாவுக்கு 75.
- 1981: மானத்துக்காகச் செய்த கொலைக்குத் தண்டனைக் குறைப்பு தந்த பிரிவு ஒருவழியாக நீக்கம். எம்மாவுக்கு 81.

38 வயதில் அவர் செய்ததைச் சட்டப்படி முழுமையாகச் செய்ய, அவர் 71 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது 30 வருஷத்துக்கு மேல். அதற்குப் பிறகும் அவர் விவாகரத்துக்குப் போகவில்லை. 1978-ல் கணவர் இறக்கும்வரை காகிதத்தில் இருவரும் தம்பதிதான்.

கல்யாணமாகிச் சேர்ந்து வாழ்ந்தது 12 வருஷம். பிரிந்த பிறகு தனியாக வாழ்ந்தது 79 வருஷம்!

நூறைத் தாண்டிய பிறகு

நூறு வயதிலும் எம்மா தன் வீட்டில்தான் இருந்தார். வெர்பானியாவில் இரண்டே அறைகள் கொண்ட சின்ன வீடு. தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொண்டார். உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் வந்து போவார்கள். குடும்ப மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் எம்மாவுக்கு ஆகாது. 115 வயது வரை முழுநேரத் துணை என்று யாரும் இல்லை.

2011-ல் இத்தாலிய அரசு அவருக்குக் குடியரசின் மதிப்புமிக்க விருதுகளில் ஒன்றை வழங்கிக் கௌரவித்தது. அதே வருஷம் அவருடைய தங்கை ஒருவர் 102 வயதில் காலமானார்.

2016 மே 12-ம் தேதி, நியூயார்க்கில் சூசன்னா முஷாட் ஜோன்ஸ் தன் 116-வது வயதில் இறந்தார். அதோடு உலகின் மூத்த மனிதர் என்ற இடம் எம்மாவுக்கு வந்தது. அந்த நவம்பரில் 117-வது பிறந்தநாள். இரண்டு அறை வீட்டுக்குள் டிவி கேமராக்கள் நுழைந்தன. எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ரகசியம் என்ன?

அவர் பதிலில் முட்டையும் இருந்தது, தனியாக வாழ்ந்ததும் இருந்தது. தலைப்பில் வந்தது முட்டைதான்.

இவ்வளவு வயசு என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

130 வயசு, 140 வயசு என்று அடிக்கடி செய்திகள் வரும். பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் இருக்காது. எம்மா விஷயம் அப்படி இல்லை.

ஒருவரின் வயதை ஏற்க, பிறந்த சமயத்திலேயே பதிவான சான்று வேண்டும். அப்புறம் வாழ்க்கையின் நடுவில் உருவான ஆவணங்கள், அதாவது திருமணப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்றவை அதோடு பொருந்த வேண்டும். கடைசியாக, இப்போது இருப்பவரும் அன்று பிறந்தவரும் ஒரே ஆள்தான் என்பது நிரூபணமாக வேண்டும். சில குடும்பங்களில் இறந்த அக்காவின் பெயரையே அடுத்த குழந்தைக்கும் வைத்துவிடுவார்கள், அந்தக் குழப்பத்தையும் பார்ப்பார்கள். இத்தாலியில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் உள்ளாட்சி அலுவலகங்களில் பதிவு செய்யும் வழக்கம் 19-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டதால், எம்மாவின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவு கிடைத்தது.

அப்போ, முட்டை சாப்பிட்டால் 117 வயது வரை வாழலாமா?

நேரடியான பதில்: அப்படி யாரும் சொல்ல முடியாது.

உலகின் மூத்த மனிதர் என்ற பட்டத்தைச் சுமந்தவர்களின் சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எம்மாவுக்கு முன் அந்த இடத்தில் இருந்த சூசன்னா, தினமும் காலையில் பன்றி இறைச்சியான பேக்கன் சாப்பிட்டவர். 117 வயது வரை வாழ்ந்த ஜப்பானின் மிசாவோ ஒகாவா, சுஷி பிரியர். 122 வயது வரை வாழ்ந்து இன்றும் சாதனையை வைத்திருக்கும் பிரான்ஸின் ஜான் கால்மோன், சாக்லேட் பிரியர். பல பத்தாண்டுகள் சிகரெட்டும் பிடித்தார். நான்கு பேருக்கும் பொதுவான ஓர் உணவு இல்லை.

இங்கே ஒரு லாஜிக் பிழை ஒளிந்திருக்கிறது. தினமும் 3 முட்டை சாப்பிட்டு 65 வயதில் இறந்தவரிடம் எந்த டிவியும் ரகசியம் கேட்காது. ஜெயித்தவரை மட்டும் பார்த்து, அவர் செய்ததெல்லாம் ஜெயிப்பதற்கான காரணம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஸ்டார்ட்அப் உலகில் காலேஜை விட்டு வெளியேறிய கோடீஸ்வரர்களைக் காட்டி, படிப்பே தேவையில்லை என்று சொல்வது மாதிரிதான் இதுவும்.

110 வயதைத் தாண்டுவதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். எம்மாவின் அம்மா 91 வயது வரை வாழ்ந்தவர். ஒரு தங்கை 102. இந்த வயதைத் தொடுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. இதோடு அதிர்ஷ்டமும் சேர வேண்டும்.

இன்னொன்று. பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். ரத்தசோகை இருந்தால் ரீல்ஸ் பார்த்து முட்டையை எண்ண வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

தனியாக வாழ்ந்ததுதான் காரணமா?

அதையும் அறிவியல் அப்படியே ஏற்காது. ஒருவரின் வாழ்க்கையை வைத்து, கல்யாணம் வேண்டாம், ஆயுள் கூடும் என்று விதி எழுத முடியாது. நல்ல துணையும் நெருக்கமான உறவுகளும் உடல்நலத்துக்கு நல்லது என்று சொல்லும் ஆய்வுகள் நிறைய இருக்கின்றன.

ஆனால் வன்முறை உடம்பைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. அடியின் காயம் மட்டும் இல்லை. தொடர்ந்து பயத்திலேயே வாழ்வது தூக்கத்தை, மனசை, இதயத்தைப் பாதிக்கிறது. சில பெண்களின் உயிரையே பறிக்கிறது. உலகில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறையாவது உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பகுதி கணவர் அல்லது துணைவரால் நடப்பது.

எம்மாவைக் கட்டிக்கொண்டவர் கொலை மிரட்டல் விடுத்துத்தான் கல்யாணம் செய்தவர். அந்த வீட்டிலேயே அவர் இருந்திருந்தால் 117 வேண்டாம், 50-ஐயாவது தொட்டிருப்பாரா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த அர்த்தத்தில், தன் ஆயுளுக்கு அவர் சொன்ன இரண்டாவது காரணம், முதலாவதை விடக் கனமானது.

அவரிடம் இருந்தவை என்ன என்றும் யோசிக்கலாம். சொந்தச் சம்பளம். சின்னதாக இருந்தாலும் ஒரு கூரை. நெருக்கத்தில் வந்து பார்க்கிற சொந்தங்கள். இந்த மூன்றும் இருந்ததால்தான், சட்டம் கைவிட்ட காலத்திலும் அவரால் அந்த முடிவில் நிற்க முடிந்தது. வன்முறையில் இருந்து வெளியேற நினைக்கும் பெண்களுக்கு இன்றும் தேவைப்படுகிறவை இவைதான்.

கடைசி நாள்

2017 ஏப்ரல் 15, சனிக்கிழமை. மறுநாள் ஈஸ்டர். வெர்பானியாவில் தன் வீட்டிலேயே, நாற்காலியில் இருந்தபடி, எம்மா மொரானோவின் உயிர் பிரிந்தது. 117 வயது, 137 நாட்கள். இத்தாலியின் வரலாற்றில் ஆதாரத்தோடு இவ்வளவு காலம் வாழ்ந்தவர் வேறு யாரும் இல்லை.

அவர் வாழ்நாளில் இத்தாலி மூன்று மன்னர்களையும், ஒரு சர்வாதிகாரியையும், 12 குடியரசுத் தலைவர்களையும் பார்த்துவிட்டது. வாடிகனில் 11 போப்கள் மாறினார்கள். அவருக்குப் பிறகு உலகின் மூத்த மனிதர் என்ற இடம் ஜமைக்காவின் வயலட் பிரவுனுக்குப் போனது. அவர் பிறந்தது 1900 மார்ச்சில்.

வயலட் பிரவுனிடமும் உலகம் அதே கேள்வியைத்தான் கேட்டது: என்ன சாப்பிடுகிறீர்கள்?